சார்ஜ் நிற்காத பேனாவும் பிளான்டேயின் பேட்டரியும்

ஊரடங்கில் பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் கணக்குப் போட்டுக் காட்டிய டிஜிட்டல் பேனா, நான் ஓய்வு பெற்றபின் ஓராண்டு மேசை டிராயரிலேயே கிடந்தது. பேத்திக்குப் பாடம் சொல்ல எடுத்தேன், உயிரில்லை.

பேட்டரிக்குப் பழக்கம் வேண்டும் என்பார்கள். ஒருகாலத்தில் அது உண்மைதான். 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். பலமுறை ஏற்றி இறக்கிய பிறகே அதன் கொள்ளளவு கூடியது. 1881-இல் காமில் ஃபோர் தகட்டில் ஈய ஆக்சைடு பூசி அந்தக் காத்திருப்பைக் குறைத்தார்.

என் பேனாவில் இருப்பதோ லித்தியம் அயனி வகை. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை ஏற்றி இறக்கினால் தேய்மானமே மிச்சம். முழுதும் வற்றிப் பல மாதம் கிடந்தால் உள்ளேயுள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். போன கொள்ளளவு திரும்பாது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சார்ஜ் ஏறும் முனையைத் துடைத்து, நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்து சார்ஜ் போட்டேன். பத்து நிமிடம் எழுதியது. பிதாகரஸ் தேற்றம் பாதியில் நின்றது. மீதியைப் பேத்தியின் நோட்டில் பென்சிலால் முடித்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால், இன்றே எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். நன்றாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள்; அவ்வப்போது எடுத்து எழுதுங்கள்.