குறும்படம் பிறந்தது கச்சேரி மேடையில்

1929 ஜூன் 6ஆம் தேதி பாரிஸில் ஸ்டூடியோ தெஸ் உர்சுலீன் என்ற சின்னத் திரையரங்கில் சுமார் 16 நிமிஷம் ஓடும் படம் ஒன்று முதன்முறையாகக் காட்டப்பட்டது. படத்தின் பெயர் ‘அன் ஷியன் ஆந்தலூ’. எடுத்தவர் லூயிஸ் புனுவெல். கதையில் கூட்டாளி சால்வடோர் டாலி. பார்க்க வந்தவர்களில் பிக்காசோவும் இருந்தார், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவும் இருந்தார். படத்தை எடுத்தவர் மட்டும் அவர்களோடு உட்காரவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு கிராமபோனோடு நின்றுகொண்டு, அர்ஜென்டினா டாங்கோ ஒரு தட்டு, வாக்னரின் ‘டிரிஸ்டன்’ ஒரு தட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் கற்களும் வைத்திருந்தாராம், கூட்டம் ரகளை செய்தால் வீசுவதற்கு. கூட்டம் கைதட்டிவிட்டது. புனுவெல் பிற்காலத்தில் எழுதிவைத்த இந்தக் கதையைத் திருப்பிச் சொல்பவர்கள் எல்லோரும் கற்களைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கவனிக்கவேண்டியது அந்தக் கிராமபோன். அம்மாவிடம் பணம் வாங்கிப் படம் எடுத்த மனிதர், எந்த இடத்தில் எந்தத் தட்டு விழவேண்டும் என்பதை இன்னொருவர் கையில் விடாமல் தானே இருந்து நடத்தினார். படம் பெட்டிக்குள் முடிந்துபோன சரக்கு என்றோ, இசை மேலே தூவும் கொத்தமல்லி என்றோ அவர் நினைத்திருந்தால் அந்த மாலையில் அவருக்குத் திரைக்குப் பின்னால் வேலையே இருந்திருக்காது.

கம்பெனி முதலும் இல்லாமல், முழுக்கதை சொல்லும் கட்டாயமும் இல்லாமல் எடுக்கப்படும் குறும்படம் என்ற வகை ஐரோப்பாவில் 1920களில் உருவாயிற்று. அதற்கு இடமும் வடிவமும் ரசிகரும் கொடுத்ததில் சினிமாக் கொட்டகையைவிட இசை மேடைக்கே பங்கு அதிகம் என்பது என் கட்சி. வழக்கமான சினிமா வரலாறு இதைத் தலைகீழாகச் சொல்லும்: படம் வந்தது, பேச்சில்லாத குறையை மறைக்க ஒரு பியானோக்காரர் உட்கார்ந்தார், பேசும் படம் வந்ததும் எழுந்து போனார். புரொஜக்டரின் கடகட சத்தத்தை அமுக்கத்தான் இசை வந்தது என்று ஒரு விளக்கமும் உண்டு. பெரிய கொட்டகைகளைப் பொறுத்தவரை இந்தக் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். குறும்படத்துக்கு இது பொருந்தாது.

உடனே ஒரு மறுப்பு வரும். அந்தக் காலத்தில் ஊமைப்படம் ஓடிய இடமெல்லாம் வாத்தியம் இருந்ததே, குறும்படத்துக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு? ‘எல்லா இடத்திலும்’ என்பது முதலில் சரியில்லை. ஆரம்ப ஆண்டுகளில் பல காட்சிகள் இசையே இல்லாமல் ஓடின என்று அமெரிக்க ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் காட்டியிருக்கிறார். அதைவிட, இருந்த இசை எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. 1919இல் பெர்லினில் ஜூசெப்பே பெச்சே ‘கினோதெக்’ என்ற பெயரில் காட்சிகளுக்கேற்ற இசைத் துணுக்குகளின் வரிசையை வெளியிடத் தொடங்கினார். 1924இல் நியூயார்க்கில் எர்னோ ரப்பே இன்னொரு தொகுப்பைக் கொண்டுவந்தார்: 52 மனநிலைகளுக்கும் சந்தர்ப்பங்களுக்கும் ஏற்ற இசை, பியானோவுக்கும் ஆர்கனுக்கும். சாவு, தாலாட்டு, ரயில், கடல்புயல் என்று பக்க ஓரத்திலேயே பட்டியல் அச்சாகியிருக்கும். திரையில் பிணம் தூக்கினால் வாசிப்பவர் ஒரு கண்ணால் ஓரத்தைப் பார்த்துச் சாவுப் பக்கத்துக்குத் தாவிவிடலாம். சுறுசுறுப்பான ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. வாரம் இரண்டு தடவை படம் மாறும் கொட்டகையில் வேறு என்ன செய்யமுடியும்? ஆனால் அந்த ஏற்பாடு முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்துவிடுகிறது: படத்தில் வரும் எதுவும் அந்த 52க்குள் அடங்கிவிடும். 53ஆவதாக ஒன்றைக் காட்ட விரும்பியவருக்கு அந்தக் கொட்டகையில் இடமில்லை.

அப்படி விரும்பியவர்களில் முந்தியவர் வால்டர் ரூட்மன். ஓவியராக இருந்து படத்துக்கு வந்த ஜெர்மானியர். 1921இல் அவர் காட்டிய ‘ஒளியாட்டம்: ஓப்பஸ் 1’ சுமார் பத்து நிமிஷம் ஓடும். ஆள் கிடையாது, கதை கிடையாது. வண்ணமேற்றிய வட்டங்களும் அலைகளும் முக்கோணங்களும் ஒன்றையொன்று துரத்தும். இதற்கு மாக்ஸ் புட்டிங் என்ற இசையமைப்பாளர் ஐந்து பேர் வாசிக்கும் தந்தி வாத்திய இசை எழுதிக்கொடுத்தார். வாசிப்பும் படமும் எங்கே சேரவேண்டும் என்று காட்ட, இசைத்தாளிலேயே ஆங்காங்கே ரூட்மன் வண்ணப் படம் வரைந்துவைத்தார். ஸ்வரக் குறிப்பின் மேல் ஒரு சிவப்பு அலை: திரையில் அது எழும்போது வில் இந்த இடத்துக்கு வந்திருக்கவேண்டும். கதையுள்ள படத்தில் பார்ப்பவனுக்கு ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியே கைப்பிடி. கதையில்லாத வட்டத்தையும் கோட்டையும் பத்து நிமிஷம் ஒருவன் ஏன் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்? பாட்டில்லாத வாத்திய இசையைக் கேட்டுப் பழகியவனுக்கு அந்தக் கேள்வி எழாது. ஒரு வடிவம் வருகிறது, திரும்புகிறது, மாறிப் பெருகுகிறது, முடிகிறது என்பதைப் பொருள் கேட்காமல் பின்தொடர அவனுக்குத் தெரியும். ரூட்மன் தேடிய ரசிகர் கச்சேரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

1925 மே 3ஆம் தேதி பெர்லினில் ஊஃபா கம்பெனியின் திரையரங்கு ஒன்றில் நடந்த பகற்காட்சியின் நிரலைப் பாருங்கள். ‘தூய சினிமா’ என்ற தலைப்பில், நவம்பர் குழு என்ற கலைஞர் சங்கம் ஊஃபாவோடு சேர்ந்து நடத்தியது. பௌஹவுஸ் பள்ளியிலிருந்து வந்த ஹிர்ஷ்ஃபெல்ட்-மாக் வண்ண விளக்குகளை மேடையிலேயே இயக்கி நிகழ்த்தியதன் பெயர் ‘வண்ண சொனாட்டினா’. விக்கிங் எக்கலிங்கின் படம் ‘மூலைவிட்ட சிம்பொனி’. ஹான்ஸ் ரிக்டரின் படத்துக்குப் பெயர் ‘சினிமா என்பது லயம்’. ரூட்மனுடையவை ஓப்பஸ் 2, 3, 4. ஃபெர்னான் லெஜே எடுத்து ‘பாலே மெகானிக்’ என்று பேர் பெற்ற படமும் அன்று ஓடியது. சொனாட்டினா, சிம்பொனி, லயம், ஓப்பஸ், பாலே. பெயர் வைப்பதற்குக் கூட இவர்கள் கடன் கேட்டது இசையிடம். நாடகக் கொட்டகையின் சொல்லோ நாவலின் சொல்லோ இந்த ஐந்தில் கிடையாது.

அதே நிரலில் இருந்த ரெனே கிளேரின் ‘அந்த்ராக்த்’தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெயருக்கே ‘இடைவேளை’ என்றுதான் பொருள். பாரிஸில் ஸ்வீடிஷ் பாலே குழு 1924இல் மேடையேற்றிய ‘ரெலாஷ்’ என்ற நடன நிகழ்ச்சியின் இரண்டு அங்கங்களுக்கு நடுவே ஓடுவதற்கென்றே எடுத்த படம் அது. ‘ரெலாஷ்’ என்பது அரங்கின் வாசலில் தொங்கவிடும் பலகை வாசகம்: இன்று காட்சி இல்லை. முதல் நாளான நவம்பர் 27 அன்று முதன்மை நடனக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போய், நிஜமாகவே காட்சி இல்லை. வந்தவர்கள் இதுவும் ஒரு கிண்டல் என்று நினைத்தார்களாம். டிசம்பர் 4ஆம் தேதிதான் நடந்தது. எழுதியவர் ஓவியர் பிக்காபியா. பாலேவுக்கும் படத்துக்கும் இசை எரிக் சாத்தி. படத்தில் சாத்தியே வருகிறார், ஷாம்ப்ஸ் எலீசே அரங்கின் மொட்டைமாடியில் ஒரு பீரங்கியைச் சுற்றித் துள்ளிக்கொண்டு. மார்செல் துஷாம்பும் மான் ரேயும் அதே மாடியில் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒட்டகம் இழுக்கும் சவவண்டியின் பின்னால் ஊர்வலம் மெதுவாகக் குதித்துக் குதித்துப் போகிறது. வண்டி கழன்று ஓட, துக்கம் கேட்க வந்தவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு துரத்துகிறார்கள்.

சாத்தி எழுதிய இசையின் கட்டுமானத்தில்தான் விஷயம் இருக்கிறது. புகைபோக்கிகள், வெடிக்கும் பலூன்கள், குத்துச்சண்டைக் கையுறைகள், தீக்குச்சிகள் என்று திரையில் தெரிவதையே பகுதிகளுக்குத் தலைப்பாக வைத்தார். ஒவ்வொரு பகுதியும் சில தாளக்கட்டு மட்டுமே உள்ள சிறு துண்டுகள். அதைத் திருப்பித் திருப்பி வாசிக்கலாம். அன்றைக்கு புரொஜக்டர் ஓடும் வேகம் இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும். வேகமாக ஓட்டினால் துண்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம், மெதுவாக ஓட்டினால் நான்கு தடவை. நடத்துபவர் கண் திரையிலும் கை வாத்தியக்காரர்கள் பக்கமும் இருக்கும். நம்மூர் மிருதங்க வித்வான் பாடகர் முகத்தைப் பார்த்துக்கொண்டே முத்தாய்ப்பு எங்கே விழும் என்று கணக்குப் போடுவதைப் போன்ற வேலை. ரப்பேயின் தொகுப்பு வெளிவந்த அதே 1924இல்தான் இதுவும் நடந்தது என்பது தற்செயல். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்கமுடியவில்லை. சவ ஊர்வலம் வந்ததும் சாத்தியும் ஷோப்பினின் புகழ்பெற்ற சாவு இசையைத்தான் எடுக்கிறார், கோணலாக்கி. கொட்டகையில் அந்த மெட்டு ‘அழு’ என்று சொல்லும். இங்கே அழவா சிரிக்கவா என்று கேட்பவரைத் திண்டாட வைக்கிறது. பக்கவாத்தியம் பாட்டைத் தாங்குவதோடு நிற்காமல் பதில் சொல்லவும் செய்கிறது.

என் கட்சிக்கு எதிரான சாட்சிகளையும் மறைக்கக்கூடாது. எக்கலிங் தம் சிம்பொனியை இசையில்லாமல் பார்க்கும்படியே அமைத்தார். கண்ணுக்கான இசையாக அது தன்னந்தனியே நிற்கவேண்டும் என்பது நோக்கம். லெஜேயின் படம் 1924 செப்டம்பரில் வியன்னாவில் முதலில் காட்டப்பட்டபோது அதற்கென்று எழுதப்பட்ட இசை கூட வரவில்லை. அந்த இசையை எழுதிய அமெரிக்கர் ஜார்ஜ் ஆன்டைல் தானாக இயங்கும் பியானோக்கள் பதினாறைக் கேட்டார், விமான விசிறி, மின்சார மணி எல்லாம் கேட்டார். அத்தனை பியானோக்களை ஒன்றாக ஓடவைக்க அப்போது வழியில்லை. போதாததற்குப் படத்தைவிட இசை வெகு நீளம். கடைசியில் படம் ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் என்று பிரிந்து, இசை தனிக் கச்சேரியாக 1926இல் பாரிஸிலும் 1927இல் நியூயார்க் கார்னகி ஹாலிலும் அரங்கேறியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க, கணினி வந்து பியானோக்களைக் கட்டி மேய்க்கும் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆக, நேரடி இசை இல்லாமலும் இந்தப் படங்கள் பிழைத்தன என்று ஒருவர் வாதாடலாம். பிழைத்தன என்பது உண்மை. ஆனால் எக்கலிங் துறந்தது வாத்தியத்தை மட்டும். படம் எப்படி வளரவேண்டும் என்ற இலக்கணத்தை இசையிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஆன்டைலின் தோல்வியோ சாத்தியின் கெட்டிக்காரத்தனத்தை இன்னும் துலக்கமாக்குகிறது. ஒருவர் இயந்திரத்தை நம்பி நெகிழாத இசை எழுதினார், சேரவில்லை. மற்றவர் மனிதக் கையை நம்பி நெகிழும் இசை எழுதினார், சேர்ந்தது.

பணக் கணக்கும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பத்து நிமிஷப் படத்துக்கு எந்தக் கொட்டகைக்காரர் தனியாக இசை எழுதவைத்து வாத்தியக்காரர்களை அமர்த்துவார்? பாலே குழுவிடமும் இசை விழாவிடமும் வாத்தியக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் நடந்த சேம்பர் இசை விழா 1927இல் குறும்படத்துக்கு இடம் கொடுத்தது. ரூட்மனின் ஓப்பஸ் 3க்கு ஹான்ஸ் ஐஸ்லர் இசை எழுதினார். பால் ஹிண்டமித் ஃபீலிக்ஸ் பூனைக் கார்ட்டூனுக்கு இயந்திர ஆர்கன் இசை எழுதினார். இசை விழாவில் பூனைப் படம்! அன்றைய முன்னணி இசையமைப்பாளர்கள் அதைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை.

பேசும் படம் வந்து இதையெல்லாம் மேம்படுத்தத்தானே செய்தது என்பது மிகப் பலமான மறுப்பு. ஒரே தடவை நன்றாக வாசித்துப் பதிந்துவிட்டால் குக்கிராமத்திலும் அதே இசை ஒலிக்கும். வாத்தியக்காரர் சம்பளம் கொடுக்கமுடியாத ஏழைப் படக்காரருக்கு அதுதானே விடுதலை? ஓரளவு ஒப்புக்கொள்ளவேண்டியதே. ஆஸ்கர் ஃபிஷிங்கர் கடைகளில் விற்ற இசைத்தட்டுகளோடு பொருத்திச் சின்னச் சின்னப் படங்களை வரைந்தார், அவை அருமையானவை. ஆனால் அந்த விடுதலை எல்லோருக்கும் உடனே வாய்க்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவி காமிராவைப் போலக் கையில் எடுத்துப்போகிற சாமான் அல்ல. காப்புரிமையும் ஸ்டூடியோவும் கம்பெனிகளிடம் இருந்தன. சொந்தக் காசில் படம் எடுத்தவர் அவர்கள் வாசலில் போய் நிற்கவேண்டியதாயிற்று. இன்னொரு இழப்பும் உண்டு. புனுவெலின் படத்துக்கு 1960இல் அதே டாங்கோவும் வாக்னரும் ஒலித்தடத்தில் ஏற்றப்பட்டன. ‘அந்த்ராக்த்’துக்கு 1967இல் சாத்தியின் இசை பதிவாயிற்று. இன்று எல்லோரும் பார்ப்பது இவற்றைத்தான். நன்றிக்குரிய வேலை, சந்தேகமில்லை. இருந்தாலும் எத்தனை தடவை திருப்பி வாசிப்பது என்ற சாத்தியின் கேள்விக்கு ஒருமுறை சொன்ன பதில் எந்நாளைக்கும் பதிலாக உறைந்துவிட்டது.

இத்தாலியின் போர்தெனோனேயில் 1982இல் தொடங்கிய ஊமைப்பட விழாவில் நேரடி வாசிப்போடுதான் படம் ஓடுகிறது. இன்றைய குறும்படக்காரர்களும் சின்ன அரங்குகளில் வாத்தியக்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் காட்டுகிறார்கள். பழம்பெருமை மோகம் என்று இதை ஒதுக்குபவர்கள் ஒரு படத்தைத் தேடிப் பார்க்கட்டும். ரிக்டரின் ‘காலைநேரப் பேய்கள்’, 1928இல் பாடன்-பாடன் விழாவுக்காக எடுத்தது. தொப்பிகள் தலையை விட்டுப் பறந்துபோகின்றன, ஆட்கள் பின்னால் ஓடுகிறார்கள். தானியங்கிப் பியானோவுக்கு இசை எழுதிய ஹிண்டமித்தும் ஓடுகிறவர்களில் ஒருவர். ஒலி சேர்ந்த பிரதியை நாஜிகள் சீரழிந்த கலை என்று சொல்லி அழித்துவிட்டார்கள். ஹிண்டமித்தின் முகம் இன்றும் படத்தில் இருக்கிறது. அவர் எழுதிய இசை கிடைக்கவில்லை.