குறுவைக் கணக்கு, சம்பாக் கணக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய விதைப்பு முறை இருந்தது. குறுவை விதையோடு ஒட்டடையான் விதையையும் கலந்து ஒரே வயலில் விதைப்பார்கள். குறுவை நாலு மாசத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். ஒட்டடையான் சுமார் 200 நாள் பயிர். குறுவையை அறுத்த பிறகும் துளிர்த்து வளர்ந்து, தை வாக்கில் தனியாக ஒரு மகசூல் கொடுக்கும். ஒரே நிலம், இரண்டு காலக்கெடு.

பங்குச்சந்தையில் இன்னிக்குப் பேசப்படும் விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். ஏறுமுகத்தில் இருக்கும் பங்கைச் சில வாரத்துக்கு வாங்கி விற்பது ஒரு கணக்கு. நல்ல நிறுவனத்தின் பங்கைப் பல வருஷம் வைத்திருப்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? செய்யலாம். ஆனா வயலுக்கும் பணத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குறுவை முற்றினால் அறுத்தே ஆகணும், விட்டால் மணி உதிர்ந்துடும். அதைச் சம்பாவாக மாற்ற வழியே இல்லை. பணத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது.

கட்டாயம் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு நம்மவர்களின் கதையே ஒன்று இருக்கு. நடந்த இடம் இன்னொரு நெல் டெல்டா: பர்மாவின் ஐராவதிக் கரை.

காவிரி டெல்டாவுக்குத் தெற்கே, செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார்கள் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். நடவுக்குக் கொடுத்து அறுவடையில் வசூலிப்பதுதான் தொழிலின் உயிர்நாடி. அவர்கள் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி தவணை வைப்பு, அதாவது சில மாசத்தில் திருப்பித் தர வேண்டியது. நிலம் வெறும் அடமானம்; அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசை பெரும்பாலோருக்கு இல்லை. நிலத்தில் முடங்கின பணம் சுழலாதே!

1930-ல் பெருமந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே போச்சு. விவசாயியால் கடனைக் கட்ட முடியலை, அடமானம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-ல் அது சுமார் 25 சதவீதம்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய சொத்து. உண்மையில் அது வசூலாகாத குறுங்கடன், நீண்டகால முதலீட்டு வேஷத்தில். விலை திரும்பும்வரை காத்திருக்கலாம் என்பது கணக்கு. ஆனா நிலம் அந்நியர் கைக்குப் போகுதே என்று பர்மியர்களிடம் கோபம் வளர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். 1948-ல் நில தேசியமயச் சட்டம். போதிய இழப்பீடு கிடைக்கவேயில்லை.

அதே மந்தத்தில் மலிவான பர்மா அரிசி சென்னை மாகாணத்துக்குள் வந்து தஞ்சை மிராசுதார்களின் நெல் விலையையும் அழுத்தியது. அவர்களுக்கும் அடிதான். ஆனா அவர்கள் வைத்திருந்தது, வைத்திருக்கவே நினைத்த நிலம்.

இரண்டு காலக்கெடுவைக் கலப்பது தப்பில்லை. ஒட்டடையான் வயலில் அது விதைக்கும்போதே முடிவாகிவிடும். சந்தையில் வாங்குகிறவர் வாங்கும் அன்றைக்கே எழுதி வைக்கணும்: இது குறுவையா, சம்பாவா, எந்த விலைக்கு வந்தால் அறுப்பு. நஷ்டம் வந்த பிறகு "இது லாங் டேர்ம்" என்று பெயர் மாற்றுவதைத்தான் ஐராவதிக் கரையில் சூழ்நிலை அவர்கள் மேல் திணித்தது. நமக்கு அதை யாரும் திணிப்பதில்லை, நாமே செஞ்சுக்கறோம்.