கேட்கத் தெரிந்த கடிதம்

ஒரு குடும்பத்தில் கடிதம் எழுதவேண்டிய வேளை பெரும்பாலும் ஏதேனும் ஒன்றைக் கேட்பதற்காகவே வருகிறது. வேலைக்காலத்தை உறுதிப்படுத்தும் தாள் வேண்டும். ஊழியர் சேமநிதிக் கணக்கில் விடுபட்ட மாதங்களைச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்க வேண்டும். இவையெல்லாம் அன்றாட வேண்டுகோள்கள்தாம். ஆனாலும் தாளை எடுத்து உட்கார்ந்தால் பலருக்குப் பேனா ஓடுவதில்லை. எங்கே தொடங்குவது, எவ்வளவு பணிந்து எழுதுவது என்ற தயக்கம் வந்துவிடுகிறது. அந்தத் தயக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதையே இன்று காண்போம்.

ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்னும் இடத்தில் ரோமானியரின் படைக்கோட்டை ஒன்று இருந்தது. 1973-ஆம் ஆண்டு முதல் அங்கே மண்ணைத் தோண்டியவர்களுக்கு, மையால் எழுதப்பட்ட மெல்லிய மரத்தகடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று வியாபாரக் கடிதம். ஒக்டேவியஸ் என்பவர் காண்டிடஸ் என்பவருக்கு எழுதியது. தாம் ஏறக்குறைய 5,000 மோடியஸ் அளவு தானியம் வாங்கியிருப்பதாகவும், குறைந்தது 500 டெனாரியஸ் பணம் அனுப்பாவிட்டால், முன்பணமாகக் கொடுத்த சுமார் 300 டெனாரியஸ் போய்விடும், தமக்குத் தலைகுனிவும் நேரும் என்றும் அவர் எழுதுகிறார். இதைப் பற்றி முன்பே பலமுறை எழுதியதையும் நினைவூட்டுகிறார்.

கவனித்தீர்களா? எவ்வளவு வேண்டும், எதற்காக வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன நட்டம் என மூன்றும் அதில் உள்ளன. புகழுரை இல்லை, சுற்றி வளைத்தலும் இல்லை. இருவரும் ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். சமமானவர்களுக்குள் கேட்பது எளிது.

சமமில்லாதவர்களிடம் கேட்பது வேறு கதை. 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனியா நகரில் கடிதக்கலையை ஒரு பாடமாகவே கற்பித்தார்கள். 1135-ஐ ஒட்டி அங்கே எழுதப்பட்ட ஒரு கையேடு கடிதத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்தது. முதலில் வணக்கம். இரண்டாவது, படிப்பவர் மனத்தைக் குளிரச்செய்யும் சொற்கள். மூன்றாவது, நடந்ததைச் சொல்லுதல். நான்காவதுதான் வேண்டுகோள். ஐந்தாவது, முடிவுரை. ஆக, கேட்க வந்த செய்திக்குக் கிடைத்தது நான்காவது இடம்!

அதற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் பிரபுவும் ஆயரும் கடிதத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டார்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் மனத்தைப் பொறுத்தது. இன்னது தரவேண்டும் என்று கட்டுப்படுத்தும் சட்டம் இல்லாத இடத்தில் மனத்தை இளகச் செய்வது ஒன்றே வழி. நம் முன்னோர் மனுக்களும் அப்படித்தான் இருந்தன. கடைத்தெரு ஐந்தடியில் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பவர், "மகா கனம் பொருந்திய" என்று தொடங்கிப் பணிவான சொற்களை அடுக்கிய பிறகே விஷயத்துக்கு வருவார். அதை அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. தயவை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களின் மொழி அது.

வேண்டுகோளை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தவை தபாலும் தந்தியும் பெரிய அலுவலகங்களும்தான். 1840-இல் பிரிட்டனில் ரோலண்ட் ஹில் என்பவரின் திட்டப்படி, நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குக் கடிதம் போகலாம் என்றாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் ஏறக்குறைய 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள், ஒரே ஆண்டில் 16 கோடியே 90 லட்சத்தை எட்டின. நாள்தோறும் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தால், ஒவ்வொன்றிலும் நான்காவது பகுதி வரை பொறுமையாகப் படிக்க யாருக்கு நேரம்?

அடுத்து வந்தது தந்தி. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி இயங்கத் தொடங்கியது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். புகழுரைக்கும் காசுதான்! எனவே வியாபாரிகள் வெட்டொன்று துண்டிரண்டாக எழுதப் பழகினார்கள். ஒரு முழு வாக்கியத்தையே ஒரு சொல்லில் அடக்கும் குறிச்சொல் நூல்களும் அச்சாயின. 1874-இல் தட்டச்சுப் பொறி விற்பனைக்கு வந்தது. 1890-களில் தாள்களைக் கோப்பில் நிமிர்த்தி அடுக்கும் பெட்டிகள் வந்தன. எந்தக் கோப்பில் வைப்பது என்று எழுத்தர் தெரிந்துகொள்ள, கடிதத்தின் தலையிலேயே பொருளைக் குறிப்பது வசதியாக இருந்தது.

இந்தப் புதிய முறை நம் நாட்டுத் தோட்டத்து ஆபீசுக்கும் வந்து சேர்ந்தது. பெரிய துரை தம் நிர்வாகக் கம்பெனிக்கு உரம் வேண்டும், அரிசி வேண்டும் என்று சுருக்கமாக எழுதுவார். அதே ஆபீஸ் வாசலில் நின்ற பால்வெட்டுத் தொழிலாளியோ கைகட்டி, வாய்பொத்திக் கேட்க வேண்டியிருந்தது. ஒரே தோட்டத்தில் இரண்டு விதமான கேட்டல்!

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் அந்த வழக்கத்தை உடைத்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனும் முன்னின்று, கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவற்றில் இருந்தன. துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதும் ஒன்று.

அந்தக் கடைசிக் கோரிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும், கேட்டவருக்குத் தண்டனை கிடைக்குமென்றால் அந்தத் தெளிவால் என்ன பயன்? அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, இராணுவம் வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

அவர்கள் கேட்டவை எல்லாம் உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1951-இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955-இல் வேலைச் சட்டமும், 1969-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. தயவாக இருந்தவை பல, சட்டப்படி உரியவை ஆயின. உரியதைக் கேட்கும் கடிதத்துக்குக் கண்ணீர் தேவையில்லை. தேதியும் எண்ணும் தேவை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு உதவித்தொகை விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்கிட வேண்டும். 22 ஆண்டு என்றால் 440 நாள் சம்பளம். பதிவேட்டில் ஓர் ஆண்டு குறைந்தால் 20 நாள் சம்பளம் போயிற்று. ஆகவே வேலைக்காலத்தை உறுதிப்படுத்தும் ஒரு சிறு தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். அதை இப்படிக் கேட்கலாம்:

"பொருள்: வேலைக்கால உறுதிக் கடிதம் வேண்டுதல்.

ஐயா, இத்தோட்டத்தில் நான் வேலை செய்த காலத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை ஜூன் 30-ஆம் தேதிக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் 1998 மார்ச் 1 முதல் இங்கே பால்வெட்டு வேலை செய்து வருகிறேன். தோட்டம் மூடப்படுவதால், உதவித்தொகைக் கணக்குக்கு இக்கடிதம் தேவைப்படுகிறது. முதல் மாதச் சம்பளச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். தங்கள் உதவிக்கு நன்றி."

கீழே பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண், கையொப்பம். அவ்வளவே. முதல் வாக்கியத்திலேயே கேட்டாயிற்று. காரணம் ஒரு வரியில் வந்துவிட்டது. எப்போதைக்குள் என்பதும் உண்டு. மரியாதை குறைந்ததா? இல்லை. "ஐயா" இருக்கிறது, "நன்றி" இருக்கிறது. குறைந்தது கெஞ்சல் மட்டுமே.

அரசாங்க அலுவலகத்துக்கு மலாய்மொழியில் எழுதும்போதும் இதே ஒழுங்குதான். "துவான்" அல்லது "புவான்" என்று விளித்து, அடுத்த வரியில் பொருளைத் தடித்த எழுத்தில் எழுதி, உடனே செய்திக்கு வந்துவிடலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் எழுதச் சொல்லுங்கள். ஆனால் என்ன கேட்கிறோம் என்பதைப் பெரியவர்களே ஒரு வாக்கியத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் தெளிவாக வந்துவிட்டால் கடிதம் பாதி முடிந்ததுபோல.

ஒரு கடிதத்தில் ஒரு வேண்டுகோளே இருக்கட்டும். கூரையையும் சேமநிதியையும் ஒரே தாளில் கலந்தால், எந்தக் கோப்பில் வைப்பது என்று கிராணியார் திகைப்பார், இரண்டுமே நின்றுவிடும். நேரில் கொடுத்தால், உங்கள் நகலில் தேதியோடு சாப்புக் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், முதல் கடிதத்தின் தேதியைக் குறித்து மறுபடியும் எழுதுங்கள். ஒக்டேவியஸே பலமுறை எழுதியவர்தாமே!

கேட்டால் குற்றம் என்றிருந்த காலத்தில் கேட்டவர்கள் நம் முன்னோர். அவர்கள் பெற்றுத்தந்த உரிமையை நாம் தெளிவான நான்கு வரிகளில், தலைநிமிர்ந்து கேட்போம்.