விரல் சூப்புதலும் பாற்பற்களின் கடிப்பும்

விரல் சூப்புதல் என்பது, குழந்தைகள் பசியைத் தணிப்பதற்காக அல்லாமல் அமைதி பெறும் பொருட்டுத் தமது பெருவிரலையோ பிற விரல்களையோ வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் ஆகும். பால் வராத ரப்பர் காம்பான சூப்பானைச் சூப்புவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. கைக்குழந்தைப் பருவத்தில் இது இயல்பான செயலாகும். ஆயினும் மூன்று அல்லது நான்கு வயதுக்கு மேலும் தொடருமாயின், பாற்பற்களின் வரிசையையும் மேல்தாடையின் வடிவத்தையும் மாற்றி, மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றோடொன்று பொருந்தும் முறையைக் குலைக்கக்கூடும். இக்குலைவு பற்கடிப்புக் குறைபாடு எனப்படுகின்றது.

சூப்பும் இயல்பு

சூப்புதல் பிறப்பதற்கு முன்னரே தொடங்குகின்றது. கருவிலுள்ள குழந்தை பெருவிரலை வாயில் வைத்திருப்பதை மீயொலிப் படங்களில் காணமுடியும். பிறந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் அது அப்பக்கமாகத் தலையைத் திருப்பி வாயைத் திறக்கும். வாயில் வைக்கப்படுவதை உறிஞ்சும். இவை பால் குடிப்பதற்கு உதவும் அனிச்சைச் செயல்கள் ஆகும்.

தாய்ப்பாலோ புட்டிப்பாலோ குடித்தல் ஊட்டம் பெறும் சூப்புதல் எனவும், விரலையோ சூப்பானையோ சூப்புதல் ஊட்டமில்லாச் சூப்புதல் எனவும் பிரிக்கப்படுகின்றன. தூக்கம், களைப்பு, சலிப்பு, அச்சம் ஆகியவை ஏற்படும்போது குழந்தை இரண்டாவது வகையை நாடுகின்றது. பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் இப்பழக்கத்தைத் தாமாகவே விட்டுவிடுகின்றனர்.

பாற்பற்களின் இயல்பான கடிப்பு

பாற்பற்கள் மொத்தம் 20 ஆகும். ஒவ்வொரு தாடையிலும் 4 வெட்டும் பற்கள், 2 கோரைப் பற்கள், 4 கடைவாய்ப் பற்கள் உள்ளன. பெரும்பாலும் கீழ்த்தாடையின் நடு வெட்டும் பற்களே முதலில், ஏறத்தாழ 6 மாத வயதில் முளைக்கின்றன. 2½ முதல் 3 வயதுக்குள் எல்லாப் பாற்பற்களும் முளைத்துவிடும். ஏறத்தாழ 6 வயதில் நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன.

இயல்பான கடிப்பில், பெட்டியின் மேல் மூடி அமர்வதுபோல, மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று வெளியே அமைந்திருக்கும். மேல் வெட்டும் பற்கள் கீழ் வெட்டும் பற்களைச் சிறிதளவு மறைக்கும். பாற்பற்களுக்கு இடையே இடைவெளி காணப்படுவது குறைபாடு அன்று. பின்னர் முளைக்கவுள்ள பெரிய நிலைப்பற்களுக்கு அவ்விடைவெளி உதவுகின்றது.

குறைபாடு உருவாகும் விதம்

பற்கள் உட்புறம் நாக்குக்கும் வெளிப்புறம் உதடு, கன்னம் ஆகியவற்றுக்கும் இடையே சமநிலையில் நிற்கின்றன. மெல்லும்போது ஏற்படும் வலிய அழுத்தம் சிறிது நேரமே நீடிப்பதால் பற்களை நகர்த்துவதில்லை. மென்மையான அழுத்தமாயினும், நாள்தோறும் பல மணி நேரம் நீடித்தால் பற்கள் நகர்கின்றன. ஆதலால் பகலில் சில நிமிடங்கள் பலமாகச் சூப்பும் குழந்தையைவிட, இரவு முழுவதும் விரலை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைக்கே பாதிப்பு மிகுதியாக ஏற்படலாம். இதனாலேயே பல் மருத்துவர்கள் பழக்கம் உண்டா என்பதோடு நில்லாது, நாளில் எவ்வளவு நேரம், எத்தனை மாதங்களாக என்பவற்றையும் கேட்டறிகின்றனர்.

இதனால் பெரும்பாலும் மூன்று வகைக் குறைபாடுகள் காணப்படுகின்றன.

முன் திறந்த கடிப்பு: கடைவாய்ப் பற்களைக் கடித்த நிலையிலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று எட்டாமல் நடுவே இடைவெளி இருக்கும். பற்களுக்கிடையே உள்ள விரல் முன்பற்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. அதே வேளையில் தாடைகள் விலகியிருப்பதால் கடைவாய்ப் பற்கள் கூடுதலாக வளர்கின்றன.

மேல் முன்பற்கள் துருத்துதல்: விரல் மேல் முன்பற்களை வெளிநோக்கியும் கீழ் முன்பற்களை உள்நோக்கியும் தள்ளுகின்றது. துருத்திய பற்கள் கீழே விழும்போது எளிதில் அடிபடும்.

பின் குறுக்குக் கடிப்பு: வாயில் விரலோ சூப்பானோ இருக்கும்போது நாக்கு அண்ணத்தை விட்டுக் கீழிறங்குகின்றது. உறிஞ்சும் கன்னத் தசைகள் மேல்தாடையை இருபுறமும் அழுத்த, எதிர்த்துத் தாங்க நாக்கு இல்லாமையால் மேல்தாடை குறுகுகின்றது. இதனால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கின்றன.

விரலும் சூப்பானும்

விரல் சூப்புவோரிடம் மேல் முன்பற்கள் துருத்துதலும், சூப்பான் பயன்படுத்துவோரிடம் பின் குறுக்குக் கடிப்பும் கூடுதலாகக் காணப்படுகின்றன. திறந்த கடிப்பு இரண்டிலும் உண்டு. சூப்பானை நிறுத்துவது எளிது, அதனை எடுத்துவிடலாம். விரல் எப்போதும் குழந்தையுடனேயே இருப்பதால், விரல் சூப்பும் பழக்கம் பள்ளிப் பருவம் வரை நீடிக்கும் வாய்ப்பு கூடுதலாகும்.

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 372 குழந்தைகளின் பாற்பற்களை ஆராய்ந்து 2001 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பழக்கம் 48 மாத வயது வரையிலோ அதற்கு மேலுமோ தொடர்ந்த குழந்தைகளிடம் மாற்றங்கள் மிகுதியாக இருந்தன. அதற்கு முன்னரே நிறுத்திய சிலரிடமும், நிறுத்திய பின்னர் சில மாற்றங்கள் நீடித்தன.

சூப்பானுக்குப் பயனும் உண்டு. உறங்கும்போது அதனைப் பயன்படுத்துவது கைக்குழந்தைகளின் திடீர் இறப்பு ஏற்படும் வாய்ப்பைக் குறைப்பதாகக் கண்டறியப்பட்டதால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2005 இல் அதனைப் பரிந்துரைத்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலூட்டல் நன்கு நிலைபெற்ற பின்னரே அதனைத் தரவேண்டும் எனவும் கூறியது. முதல் ஆண்டுக்கான இப்பரிந்துரை, மூன்று வயதுக்கு மேலும் பழக்கத்தைத் தொடர்வதற்குச் சான்றாகாது.

தானாகச் சீரடைதல்

நிலை வெட்டும் பற்கள் முளைக்கும் முன்னர் பழக்கம் நின்றுவிடின், முன் திறந்த கடிப்பு பெரும்பாலும் சிகிச்சை இன்றியே குறைந்துவிடுகின்றது. பின் குறுக்குக் கடிப்பு அவ்வாறு எளிதில் சீரடைவதில்லை. மேல்தாடை குறுகிய குழந்தை, பற்கள் பொருந்துவதற்காகக் கீழ்த்தாடையை ஒருபக்கமாக நகர்த்திக் கடிக்கப் பழகும். வளரும் வயதில் இது முகத்தின் சமச்சீரைப் பாதிக்கலாம். எனவே பாற்பற்கள் விழுந்துவிடுபவைதாமே எனக் கருதி இக்குறைபாட்டைப் புறக்கணித்தல் தகாது.

எல்லாக் கடிப்புக் குறைபாடுகளும் சூப்புவதால் ஏற்படுவன அல்ல. பரம்பரை, வாயால் மூச்சுவிடுதல், பாற்பற்களை உரிய காலத்துக்கு முன் இழத்தல் ஆகியவையும் காரணங்களாகும்.

பழக்கத்தை நிறுத்துதல்

அச்சுறுத்தி நிறுத்தும் முறை பழமையானது. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன் 1845 இல் வெளியிட்ட குழந்தைகள் நூலில், விரல் சூப்பும் சிறுவனின் பெருவிரல்களைத் தையற்காரன் கத்தரித்துவிடுவதாக ஒரு கதை உள்ளது. தமிழ்நாட்டில் விரலில் வேப்பெண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. ஆனால் அச்சமே சூப்புதலைத் தூண்டக்கூடியது என்பதால், ஏசுதலும் அடித்தலும் பழக்கத்தை வலுப்படுத்தக்கூடும்.

தற்கால மருத்துவம் படிப்படியான முறையைப் பின்பற்றுகின்றது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை விரல் சூப்புவதைப் பொதுவாகப் பொருட்படுத்தத் தேவையில்லை. அதன்பின், சூப்பாத நாட்களை நாட்காட்டியில் குறித்துப் பாராட்டுதல், சிறு பரிசு தருதல், உறங்கும்போது விரலில் துணிக்கட்டோ கையுறையோ அணிவித்து நினைவூட்டுதல் ஆகியவை பயன்படும். இவை குழந்தையின் சம்மதத்துடன் செய்யப்பட வேண்டும். தண்டனையாகக் குழந்தை உணருமாயின் பயனளிக்க மாட்டா.

நிலைப்பற்கள் முளைக்கும் வயது நெருங்கியும் பழக்கம் தொடர்ந்தால், விரல் அண்ணத்தில் படுவதைத் தடுக்கும் கம்பிக் கருவி மேற்பற்களில் பொருத்தப்படுகின்றது. குறுகிய மேல்தாடையை அகலப்படுத்தவும் தனிக் கருவிகள் உள்ளன. 2015 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, 6 ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சை எதுவும் அளிக்காமல் விடுவதைக் காட்டிலும் உளவியல் முறைகளும் கருவிகளும் பழக்கத்தை நிறுத்த உதவுகின்றன எனக் கூறியது. எனினும் அதற்கான சான்றுகளின் தரம் குறைவு எனவும் சுட்டிக்காட்டியது.

நான்கு வயதுக்கு மேலும் நாள்தோறும் சூப்பும் குழந்தை, பற்களைக் கடித்த நிலையில் முன்பற்களிடையே இடைவெளி தெரியும் குழந்தை, கடிக்கும்போது கீழ்த்தாடை ஒருபக்கம் விலகும் குழந்தை ஆகியோரைக் குழந்தைப் பல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.