தணலும் கரியும்: இரண்டு நெருப்புகளுக்கு நடுவே பேதுரு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



பெரிய திருவிழாத் திருப்பலிக்குச் சற்று முன்பு பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கோயில்பிள்ளை கையில் இடுக்கியோடு ஒரு கரித்துண்டை மெழுகுதிரியில் காட்டிக்கொண்டிருப்பார். பீடச் சிறுவர்கள் மாறி மாறி ஊதுவார்கள். நாமும் சிறுவயதில் அப்படி ஊதி, சாம்பல் கண்ணில் பட்டு, கண் சிவந்து பவனியில் நடந்தவர்கள்தாம். இன்று வெடியுப்பு கலந்த வட்டக் கரி கடையில் கிடைக்கிறது. நெருப்பைக் காட்டியதும் பொறி பறக்கப் பற்றிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் அடுப்புக்கரிதான்.

தூபக்கலசத்தில் நாம் வைக்கும் இந்தக் கறுப்புத் துண்டு, திருவிவிலியத்தில் நாம் நினைப்பதைவிட அதிகமான இடங்களில் கிடக்கிறது. சமையலறையில், கொல்லன் பட்டறையில், அரசனின் அறையில், எருசலேம் கோவிலின் பலிபீடத்தில், கடைசியில் ஒரு ஏரிக்கரையில். இன்று அந்த இடங்களுக்குப் போய்ப் பார்ப்போம்.

முதலில் கரி எப்படி உண்டாகிறது என்று சொல்லிவிடுகிறோம். விறகை நேராக எரித்தால் தீ எழும்பும், புகை வரும், கடைசியில் சாம்பல் மிஞ்சும். அதே விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் புகாதபடி நாட்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகவிட்டால், நீரும் புகையும் வெளியேறிக் கரி மட்டும் நிற்கும். இராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதை அவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். பழைய முறையில் ஏறக்குறைய 5 கிலோ விறகு போட்டால் 1 கிலோ கரி கிடைக்கும். எடை இப்படிக் குறைந்தாலும் சூடு கூடிவிடும். புகையும் இராது, சுமந்து செல்லவும் எளிது.

எபிரேய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. அணைந்து கறுத்துக் கிடக்கும் கரிக்கு ‘பெகாம்’. கனன்றுகொண்டிருக்கும் தணலுக்கு ‘ககேலெத்’. நம் தமிழிலும் கரி வேறு, கங்கு வேறு அல்லவா? நீதிமொழிகள் நூல் 26ஆம் அதிகாரம் இரண்டையும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. தணல்மேல் கரியைப் போட்டால் என்ன ஆகுமோ, சண்டைக்காரன் வந்து சேர்ந்தால் சச்சரவு அப்படி ஆகும் என்கிறார் ஞானி. அடுப்படியில் நின்று பார்த்தவர் சொன்ன பேச்சு அது.

கொல்லனுக்குக் கரி இல்லாமல் ஒன்றும் நடக்காது. செம்பு உருகுவதற்கு 1085 பாகை வெப்பம் வேண்டும். வெறும் விறகுத் தீயில் அவ்வளவு சூட்டை எட்டுவது அரிது. கரியைக் கொட்டித் துருத்தியால் ஊதினால்தான் முடியும். எசாயா நூல் கரி நெருப்பை ஊதும் கொல்லனை இரண்டு முறை நமக்குக் காட்டுகிறது. 44ஆம் அதிகாரத்தில் அவன் பசித்துக் களைத்துத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உழைக்கிறான். சிலை செய்பவனைக் கேலி செய்யும் பகுதிதான் அது, ஆனாலும் இறைவாக்கினருக்கு அந்தத் தொழிலாளியின் களைப்பு தெரிந்திருக்கிறது.

இன்றைய இஸ்ரயேலின் தென்கோடியில், எய்லாத்து நகருக்கு வடக்கே திம்னா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. தாவீது, சாலமோன் காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் அங்கே செம்பு உருக்கினார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் ‘சாலமோனின் சுரங்கம்’ என்று சொல்வார்கள். திருவிவிலியம் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. அங்கே கிடந்த பழைய கரித்துண்டுகளை டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து, எந்த மரம் என்று கண்டறிந்து 2022இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் எரித்தவை சூரைச்செடியும், நம் கருவேலத்துக்கு உறவான வேல மரமும். இரண்டும் முதல்தரக் கரி தருபவை. காலம் போகப் போகத் தரம் குறைந்த மரங்கள் உலைக்கு வருகின்றன. நல்ல மரம் தீர்ந்துபோனதுதான் அந்த உலைகள் அணைந்ததற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. பாலைநிலத்தில் ஒரு மரத்தை வெட்டினால் இன்னொன்று வளர எத்தனை காலம் ஆகும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை போலும்.

சூரைச்செடி என்றதும் இறைவாக்கினர் எலியா நினைவுக்கு வரவேண்டும். உயிர் வெறுத்துப்போய் அவர் படுத்தது அந்தச் செடியின் அடியில்தான். விழித்துப் பார்த்தபோது தலைமாட்டில் சூடான கல்லில் சுட்ட அப்பம் இருந்தது. திருப்பாடல் 120 பொய் பேசும் நாவுக்குத் தண்டனையாகச் சொல்வதும் சூரைத் தணலைத்தான். அது மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோலத் தெரியும், உள்ளே நெடுநேரம் கனலும். புறணி பேசும் நாவும் அப்படித்தான் என்று அதற்கு விளக்கம் சொல்லத் தோன்றுகிறது.

ஏழைகளின் அடுப்பில் கரி எரிந்ததா? பெரும்பாலும் இல்லை. சாரிபாத்துக் கைம்பெண் நகர வாயிலில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எசேக்கியேலுக்கு அப்பம் சுடக் கிடைத்தது மாட்டுச் சாணம். எருசலேம் வீழ்ந்தபின் எழுந்த புலம்பலில், எங்கள் விறகையே நாங்கள் விலைகொடுத்து வாங்குகிறோம் என்ற அழுகை கேட்கிறது. எரிபொருள் எப்போதும் காசு. அதனால்தான் வீட்டு நெருப்பை அணையவிடாமல் இரவில் தணலைச் சாம்பலுக்குள் புதைத்து வைப்பார்கள். அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து ஓட்டுத் துண்டில் ஒரு கங்கு எடுத்து வருவார்கள். அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கக்கூட ஓர் ஓட்டுத் துண்டு மிஞ்சாது என்று எசாயா 30ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பது இந்த வழக்கத்தை வைத்துத்தான். நம் பாட்டிமார் செய்ததும் இதுவே.

இந்தப் பின்னணியில் தெக்கோவா ஊர்ப் பெண்ணின் பேச்சைக் கேளுங்கள். இரண்டாம் சாமுவேல் 14ஆம் அதிகாரம். தாவீதின் முன் வந்து விழுகிறாள். தனக்கு இரண்டு மகன்கள் என்றும், ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டான் என்றும், உறவினர் இருப்பவனையும் பழிவாங்கக் கேட்கிறார்கள் என்றும் சொல்கிறாள். எஞ்சியிருக்கும் என் ஒரே தணலையும் அவித்துவிடப் பார்க்கிறார்கள் என்று அழுகிறாள். யோவாபு சொல்லிக்கொடுத்து அனுப்பிய கதைதான் அது. தன் உடன்பிறந்தவனைக் கொன்று ஓடிப்போன அப்சலோமை அரசர் திரும்ப அழைக்க வேண்டும் என்பதற்காக. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அரசர் மசிந்தார். வீட்டில் கடைசிக் கங்கு அணைவது என்றால் என்ன என்று ஆடு மேய்த்து வளர்ந்த தாவீதுக்குத் தெரியும்.

இன்னொரு அரசனையும் பார்ப்போம். யூதா அரசன் யோயாக்கிம். கி.மு. 604 வாக்கில், ஒன்பதாம் மாதம், நல்ல குளிர்காலம். அரசன் குளிர்கால மாளிகையில் கணப்புச் சட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு மையினால் எழுதிய சுருள் அங்கே வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் அரசன் கத்தியால் அதை அறுத்துக் கணப்பில் போடுகிறான். இப்படியே சுருள் முழுவதும் நெருப்புக்குப் போய்விட்டது. எரிக்க வேண்டாம் என்று மூன்று அதிகாரிகள் கெஞ்சினார்கள். அவர்களில் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. அரசன் கேட்கவில்லை.

அக்காலத்தில் மை என்பதே பெரும்பாலும் புகைக்கரியைப் பிசினோடு குழைத்ததுதான். கும்ரான் குகைச் சுருள்களில் பெரும்பாலானவை அப்படிக் கரிமையில் எழுதப்பட்டவை. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் கறுப்பு மாறவில்லை. யோயாக்கிம் எரித்த சுருளுக்குப் பதிலாக எரேமியா இன்னொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் கொடுக்க, அவர் முன்னதில் இருந்த எல்லாவற்றையும் எழுதி, மேலும் பல வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டார்.

கதை இதோடு முடியவில்லை. 1982இல் எருசலேமின் பழைய தாவீதின் நகர்ப் பகுதியில் அகழாய்வு செய்தபோது, பாபிலோனியர் எரித்த ஒரு கட்டடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. சுருள்களைக் கட்டி அவற்றின் மேல் பதித்த முத்திரைகள் அவை. சுருள்கள் எரிந்து போயின. அதே தீயில் களிமண் செங்கல் போல வெந்து இறுகி நமக்கு மிஞ்சியது. அவற்றில் ஒன்றில் எழுதியிருந்த பெயர்: சாப்பானின் மகன் கெமரியா. அன்று நெருப்பைத் தடுக்கக் கெஞ்சியவரின் பெயர் நெருப்பாலேயே காப்பாற்றப்பட்டது.

இனிக் கோவிலுக்குள் போவோம். சாம்பிராணியைச் சுடரில் போட்டால் பற்றி எரிந்து தீய்ந்துவிடும். தணலில் போட்டால்தான் உருகி நறும்புகையாக எழும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, பாவக்கழுவாய் நாளில், தலைமைக் குரு பலிபீடத்துத் தணலைக் கலசம் நிறைய அள்ளி, இரு கை நிறையத் தூபம் எடுத்துக்கொண்டு திரைக்கு உள்ளே போனார் என்கிறது லேவியர் நூல் 16ஆம் அதிகாரம். புகை மூடாவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து. மற்ற நாட்களில் வெள்ளிக் கலத்தில் அள்ளிப் பொன் கலத்தில் கொட்டுவார்கள் என்றும், அந்த ஒரு நாள் பொன் கலத்திலேயே அள்ளுவார்கள் என்றும் யூதர்களின் மிஷ்னா நூல் சொல்கிறது. எண்ணிக்கை நூலில் கொள்ளைநோய் பரவியபோது ஆரோன் தணலும் தூபமுமாக ஓடி, இறந்தவர்களுக்கும் உயிரோடிருந்தவர்களுக்கும் நடுவில் போய் நின்றார். வயதான மனிதர் கையில் நெருப்பை ஏந்தி ஓடிய அந்தக் காட்சியை நாம் அதிகம் தியானிப்பதில்லை.

எசாயா 6ஆம் அதிகாரத்தில் சேராபீன் ஒருவர் பீடத்திலிருந்து குறட்டால் நெருப்புப்பொறி ஒன்றை எடுத்து இறைவாக்கினரின் உதடுகளைத் தொடுகிறார். பழைய இலத்தீன் திருப்பலியில் நற்செய்திக்கு முன் குரு சொன்ன செபத்தில் இந்த நிகழ்ச்சி பெயரோடு இடம்பெற்றிருந்தது, மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். சிரியத் திருச்சபையினர் நற்கருணைத் துண்டையே ‘தணல்’ என்று அழைக்கிறார்கள். தமஸ்கு நகர்ப் புனித யோவான், தணல் என்பது வெறும் மரம் அல்ல, நெருப்போடு ஒன்றித்த மரம் என்றும், நற்கருணை அப்பமும் அவ்வாறே இறைத்தன்மையோடு ஒன்றித்தது என்றும் எழுதினார்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். பகைவன் பசித்திருந்தால் உணவு கொடு, அதனால் அவன் தலைமேல் தணலைக் குவிப்பாய் என்று நீதிமொழிகள் சொல்வதைப் பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் எடுத்துக்காட்டுகிறார். அக்காலத்தில் நெருப்பு கேட்டு வரும் அண்டை வீட்டாருக்குச் சட்டி நிறையத் தணல் கொடுத்துத் தலையில் தூக்கிவிடுவார்கள், அந்த உதவியைத்தான் இது குறிக்கிறது என்று பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நாமும் ஒருமுறை அப்படிச் சொன்னதுண்டு. அழகான விளக்கம், ஆனால் சான்று இல்லை. எகிப்தியப் பழங்கதை ஒன்றில், திருடிய நூலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவன் தலையில் எரியும் நெருப்புச் சட்டியோடு வருகிறான். மனம் வருந்தியதற்கு அடையாளம் அது என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். புனித அகுஸ்தீனும் பகைவனின் உள்ளத்தைச் சுடும் மனவருத்தம் என்றே பொருள் கொண்டார்.

இப்போது பேதுருவிடம் வருவோம். புதிய ஏற்பாட்டில் கரி நெருப்பைக் குறிக்கும் ‘அந்த்ரக்கியா’ என்ற கிரேக்கச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் யோவான் நற்செய்தியில். முதலாவது, தலைமைக் குருவின் வீட்டு முற்றம். எருசலேம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாஸ்கா காலத்து இரவு குளிரும். பணியாளர்களும் காவலர்களும் கரியினால் தீ மூட்டி நிற்க, பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்ந்தார். லூக்காவும் அந்த நெருப்பைச் சொல்கிறார், ஆனால் கரி என்று சொல்பவர் யோவான் மட்டுமே. கரி நெருப்பு தூரத்தில் நிற்பவருக்குச் சூடு தராது. கை நீட்டும் தூரத்துக்கு நெருங்கி வரவேண்டும். ஆண்டவரைக் கட்டிக் கொண்டுவந்தவர்களோடு தோள் உரச நின்ற அந்த இடத்தில்தான் அவரை எனக்குத் தெரியாது என்ற பேச்சு வந்தது.

இரண்டாவது, திபேரியக் கடற்கரை. இன்று தப்கா என்ற அந்த இடத்தில் கருங்கல்லால் ஆன சிறு ஆலயம் ஒன்று தண்ணீரை ஒட்டி நிற்கிறது. பிரான்சிஸ்கன் சபையினர் 1933இல் கட்டியது. 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுலும், 2000ஆம் ஆண்டில் இரண்டாம் யோவான் பவுலும் அங்கே வந்து செபித்தார்கள்.

இரவு முழுவதும் மீன் கிடைக்கவில்லை. விடியலில் வலை நிறைந்தது. கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று கேட்டதும் பேதுரு மேலாடையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். கரையில் கரி நெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அந்தக் கரி எங்கிருந்து வந்தது, யார் மூட்டியது என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அது காலை உணவுக்கான அடுப்பு. பேதுருவுக்கு அந்த வாசனை எதை நினைவூட்டியிருக்கும்? மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை கேட்கப்போகிறார் ஆண்டவர். ஆனால் நனைந்த உடையோடு கரையேறிய மனிதரிடம் அவர் உடனே எதையும் கேட்கவில்லை. பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். பேதுருவே படகில் ஏறி, 153 பெரிய மீன்கள் நிறைந்த வலையை இழுத்து வந்தார். பிறகு எல்லாரையும் சாப்பிட அழைத்து, அப்பத்தையும் மீனையும் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அவர்கள் உண்டு முடித்த பிறகுதான் சீமோனின் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்.