கையால் கணக்கிட்ட 39 இலக்கப் பகா எண்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண் என்று நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். 7, 31, 127 எல்லாம் அப்படிப்பட்டவை. இவற்றில் ஒரு பெரிய எண்ணின் வரலாறு சுவையானது:

170141183460469231731687303715884105727

2-ஐ 127 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, 1 கழித்தால் இது வரும். சுருக்கமாக 2¹²⁷ – 1.

பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் மெர்சென், 1644-ல் இந்த வகைப் பகா எண்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். 31, 67, 127 ஆகிய அடுக்குகள் அதில் இருந்தன. நிரூபணம் எதுவும் தரவில்லை. 31-ஐ 1772-ல் ஆய்லர் சரிபார்த்தார். மற்ற இரண்டும் சரிபார்க்க ஆளில்லாமல் நின்றன. காரணம், 2¹²⁷ – 1-ஐச் சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால், நொடிக்கு ஒன்று என்றாலும் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும்.

பிரான்ஸில் கணித ஆசிரியராக இருந்த எதுவார் லூக்கா, 1876-ல் குறுக்கு வழி கண்டார். பின்னாளில் லெமர் அதை எளிமையாக்கினார். 31-க்கு (2⁵ – 1) செய்து பார்க்கலாம். 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள்: 14. மறுபடியும் அப்படியே செய்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை: 62, மீதி பூஜ்ஜியம். அடுக்கு 5 என்பதால் மூன்றே படி. கடைசி மீதி பூஜ்ஜியமானால் அது பகா எண். 127-க்கு 125 படிகள். ஒவ்வொன்றிலும் 39 இலக்கம் வரை பெருக்கல், வகுத்தல்.

லூக்காவின் கணக்கில் 127 தேறியது, 67 தேறவில்லை. மெர்சென் சொன்னார் என்பதற்காக 232 ஆண்டுகள் பட்டியலில் இருந்த எண் விழுந்தது.

முப்பது வருடம் லெட்ஜர் கூட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒன்று தோன்றும். நடுவில் ஒரு இலக்கம் பிசகினாலும் கடைசியில் பூஜ்ஜியம் வருவது அரிது. ஆகவே பூஜ்ஜியம் தனக்குத் தானே சாட்சி. கணக்கு உதைத்தால்தான் சிக்கல்: எண்ணே பகா எண் இல்லையா, நம் கூட்டல் பிசகா? 67-க்கு அந்தச் சந்தேகமும் தீர 1903 வரை ஆயிற்று. அந்த ஆண்டு அமெரிக்கர் கோல், 193707721 × 761838257287 என்று காரணிகளையே எடுத்து வைத்தார்.

லூக்காவின் எண், தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணாக 1951 வரை 75 ஆண்டுகள் நின்றது. அதற்குப் பின் இயந்திரங்களின் காலம். 2024-ல் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ – 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதையும் உறுதி செய்தது லூக்கா–லெமர் சோதனைதான்.

விடுமுறையில் பிள்ளைகளை உட்கார வைத்து 127-க்கு (2⁷ – 1) இதைச் செய்யச் சொல்லுங்கள். ஐந்தே படிகள். பூஜ்ஜியம் வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.