தவிட்டில் தொலைந்தது, ஈஸ்ட்டில் கிடைத்தது

கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை ஒரு காலத்தில் வாட்டி எடுத்த நோய் பெரிபெரி. கால் வீங்கும், நரம்பு தளரும், சிலருக்கு இதயமே நின்றுவிடும். தோட்டப்புறத் தமிழர்களை மட்டும் அது அவ்வளவாக அண்டவில்லை. என்ன காரணம்? சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் உண்டது புழுங்கலரிசி.

இந்த வேறுபாட்டை 1907இல் டாக்டர் பிராடன் தமது நூலில் எடுத்துக்காட்டினார். ஆனால், கெட்டுப்போன அரிசியில் நஞ்சு இருப்பதாக அவர் நினைத்துவிட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும்தான், தீட்டி எறியப்பட்ட தவிட்டில் விடை இருப்பதை நிறுவினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது, அவிக்கத் தெரியும்!

அதே பி1 ஈஸ்ட்டிலும் உண்டு. பீர் ஆலைகளில் மிஞ்சிய ஈஸ்ட்டிலிருந்து 1902இல் இங்கிலாந்தில் பிறந்ததுதான் மார்மைட். முதல் உலகப்போரில் பெரிபெரியைத் தடுக்க அதைப் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய சோதனை இந்தியாவில் நடந்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், கர்ப்பிணிகளான பஞ்சாலைத் தொழிலாளிகளின் கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும்கூடப் பணியாற்றினார். விலையுயர்ந்த ஈரல் சத்துக்குப் பதிலாக மலிவான மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார், இரத்தம் ஊறியது. 1931இல் அதை வெளியிட்டார். ஏழைத் தாய்மார்களின் தட்டில் இல்லாமல்போன அந்தச் சத்துக்குப் பின்னாளில் கிடைத்த பெயர் போலிக் அமிலம். இன்று நம் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் மாத்திரை அதுதான்.

குடலுக்கு நல்லது என்று விற்கப்படும் ஈஸ்ட் வேறு வகை. 1920களில் இந்தோசீனாவில் பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் லைச்சி, மங்குஸ்தீன் பழத்தோல்களிலிருந்து பிரித்தெடுத்தது அது. ஆன்டிபயோடிக் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதில் அதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கோ அது ஆபத்தாகலாம்.

இனிப்புநீர் விஷயம்தான் இடிக்கிறது. ஈஸ்ட்டிலுள்ள குரோமியம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்ற பேச்சு 1950களில் எலிச் சோதனையில் தொடங்கியது. மனிதர்களிடம் அது உறுதிப்படவில்லை. மலேசியாவில் இனிப்புநீர் அதிகம் பீடித்திருப்பது நம் இந்தியர்களைத்தான். டாக்டர் கொடுத்த மருந்தை ஓரங்கட்டிவிட்டு ஈஸ்ட் மாத்திரையை நம்புகிறவருக்குக் கண்ணும் சிறுநீரகமும் பணயமாகின்றன.